மங்கலான வீட்டின் முகப்புப் படம்

கெர்னோட் கியூலன்பெர்க் காலையில் வேலைக்குக் கிளம்பினால் நேராகப் பேருந்து நிறுத்தத்துக்குப் போக மாட்டார். முதலில் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போவார். அங்கே தொங்கு ரயிலைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்களில் ஒன்றின் பக்கத்தில் நின்று, திரும்பி, தான் இறங்கி வந்த வீட்டையே கொஞ்ச நேரம் பார்ப்பார். மழை பெய்தாலும் குடையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு பார்ப்பார். அதற்குப் பிறகுதான் நடப்பார். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பல்கலைக்கழகம் முடித்த நாள் வரைக்கும் அதே கட்டிடத்தின் இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன்.

"அடுப்பை அணைச்சோமான்னு சந்தேகம் அவனுக்கு," என்பாள் அம்மா.

"அவர் அடுப்பு வீட்டுக்குப் பின்பக்கம் இருக்கு. தெருவுல நின்னா எப்படித் தெரியும்?"

"இதெல்லாம் படிச்சவங்க கேக்கற கேள்வி. போய்ப் பல்லைத் தேய்."

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா மரிட்டா மருத்துவமனைச் சலவையகத்தில் வேலை செய்தாள். வீட்டில் நான் எதைக் கேட்டாலும் அது படித்தவள் கேட்கும் கேள்வியாகிவிடும். அதனால் கெர்னோட்டிடம் நேரில் கேட்காமலேயே பல வருடம் ஓட்டிவிட்டேன்.

நாங்கள் இருந்தது வுப்பெர்டால் நகரின் ஃபோவிங்கல் பகுதியில், கைசர் தெருவில். ஊரின் மற்ற பகுதிகளில் தொங்கு ரயில் ஆற்றின் மேல் போகும். எங்கள் பக்கம் அது தெருவின் மேலேயே போகும். கடைகளுக்கு முன்னால் இரும்புக் கால்கள், தலைக்கு மேலே இரும்புச் சட்டம், அதில் தொங்கியபடி பெட்டிகள். முதல் மாடிக்காரர்களுக்குப் பயணிகளின் முகமே தெரியும். கெர்னோட் முதல் மாடி. பகலில்கூடத் திரையை இழுத்து மூடித்தான் வைத்திருப்பார்.

அவருடைய வேலைதான் வேடிக்கை. ஊர் முழுக்க வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. எல்லார் வீட்டு நிலவறையும் அவருக்குத் தெரியும். யார் வீட்டில் எத்தனை பழைய மிதிவண்டி கிடக்கிறது, யார் கணவனுக்குத் தெரியாமல் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார்கள், எல்லாம் தெரியும். ஒன்றையும் வெளியே சொல்ல மாட்டார். "பார்த்ததைச் சொல்லக் கூடாதுங்கறது என் வேலையில முதல் பாடம்," என்பார். அதே ஆள் தன் வீட்டு அழைப்பு மணியில் பெயரை அவ்வளவு சிறிய எழுத்தில் ஒட்டியிருந்தார். தபால்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத்தான் படிக்க வேண்டும்.

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு கோடையில் நாடே கொந்தளித்தது. வரைபட நிறுவனம் ஒன்று காரின் தலையில் கேமராவை வைத்துத் தெருத் தெருவாகப் படம் எடுத்துவிட்டது. இனி உலகத்தில் எவனும் உட்கார்ந்த இடத்திலிருந்து நம் வீட்டு வாசலைப் பார்க்கலாம் என்று செய்தி வந்தது. வேண்டாம் என்று எழுதிப் போட்டால் வீட்டை மங்கலாக்கிவிடுவார்கள். எப்படி எழுதுவது என்று பத்திரிகைகளிலேயே மாதிரி போட்டார்கள். எங்கள் கட்டிடத்தில் முதல் ஆளாக எழுதியவர் கெர்னோட். எழுதிவிட்டுப் படியேறி வந்து எங்கள் கதவையும் தட்டினார்.

"மரிட்டா, நீயும் ஒரு கையெழுத்துப் போடு."

"என் வீட்டு ஜன்னல்ல என்ன இருக்கு? ரெண்டு செடி. ஒண்ணு செத்துப்போச்சு. பார்த்துட்டுப் போகட்டும்."

"இன்னைக்குச் செடி. நாளைக்கு?"

"நாளைக்கு ரெண்டாவதும் செத்துடும். போய்யா."

ஒரு கட்டிடத்தில் ஒருவர் கேட்டாலே போதும், முழுக் கட்டிடத்தையும் மங்கலாக்கிவிடுவார்கள். அப்படித்தான் ஆனது. அந்த வரைபடத்தில் கைசர் தெருவில் போனால் இடது பக்கம் ரொட்டிக்கடை பளிச்சென்று இருக்கும். வலது பக்கம் சாவிக்கடை பளிச்சென்று இருக்கும். நடுவில் எங்கள் வீடு, நீராவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதுபோல், ஒரு சாம்பல் கட்டியாக இருக்கும். ஒருமுறை மங்கலாக்கினால் அந்தப் படத்தைத் திரும்பத் தெளிவாக்க முடியாது. அப்போது அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. தரைத்தளத்தில் இருந்த செருப்புக்கடைக்காரர் எப்படியும் கடையை மூடும் முடிவில் இருந்தார்.

கொரோனா கொஞ்சம் அடங்கிய பிறகு அந்தத் தரைத்தளத்துக்கு நெர்மின் வந்தாள். ஆல்டரேஷன் கடை. கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, கோட்டுக்கு உள்துணி போடுவது. நெர்மின் பிறந்தது இதே ஊரில். அவள் அப்பா துருக்கியிலிருந்து நூற்பாலை வேலைக்கு வந்தவர். வேறொருவருடைய சலவைக்கடையின் பின்னறையில் பல வருடம் தைத்துவிட்டு, கணவரின் தலையசைப்போ வங்கியின் புன்னகையோ இல்லாமல் சொந்தமாகத் தொடங்கிய கடை இது. வீட்டுக்காரர் பக்கத்து ஊரான ஸோலிங்கனில் இருந்தார். அடுத்த வசந்தம் வரைக்கும்தான் ஒப்பந்தம் தந்திருந்தார். கடை நடந்தால் நீட்டிப்பேன், இல்லாவிட்டால் விளையாட்டுப் போட்டிகளில் பணம் கட்டும் பந்தயக் கடை வைக்கச் சிலர் கேட்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். பந்தயக் கடைக்காரர்கள் ஒருநாள் வந்து சுவரை அளந்துவிட்டும் போனார்கள். நெர்மின் தையல் இயந்திரத்தை நிறுத்தாமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்கு ஆள் வரவில்லை. தேடி வந்தவர்களும் கண்டுபிடிக்கவில்லை. எங்கே இருக்கிறது என்று வரைபடத்தைத் திறந்தால் சாம்பல் கட்டி வந்தது. கல்யாண உடையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெண் சாவிக்கடையில் போய்க் கேட்டிருக்கிறாள். சாவிக்கடைக்காரர் அன்று என்ன கடுப்பில் இருந்தாரோ, தெரியாது என்று சொல்லிவிட்டார். அவள் வேறு பகுதிக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் நெர்மின் கைப்பேசியை நீட்டிக்கொண்டு படிக்கட்டில் ஏறி வந்தாள். அந்த வாரம் படிக்கட்டுத் துடைக்கும் முறை கெர்னோட்டுடையது. வாளியும் துடைப்பானுமாக நடுப்படியில் நின்றிருந்தார். அம்மாவும் நானும் கதவைத் திறந்துகொண்டு வந்தோம்.

"பாருங்க அண்ணே, நீங்களே பாருங்க. ரெண்டு பக்கத்துக் கடையும் கல்யாண வீடு மாதிரி இருக்கு. என் கடை மட்டும் புரை விழுந்த கண்ணு மாதிரி. எந்தக் கழுதை இந்த வேலையைப் பண்ணிச்சு?"

அம்மா மேல்கூரையைப் பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

கெர்னோட் துடைப்பானை வாளியில் முக்கி எடுத்தார். "யாராவது பழைய ஆளா இருக்கும்," என்றார்.

நெர்மின் இறங்கிப் போனதும் அம்மா கீழே பார்க்காமல் சொன்னாள்: "ஆமாம். ரொம்பப் பழைய ஆளு. இன்னும் வீட்டைக் காலி பண்ணலை."

கெர்னோட் ஏற்கெனவே துடைத்த படியையே திரும்பத் துடைத்தார்.

அடுத்த ஞாயிறு காலையில் நான் ரொட்டி வாங்க இறங்கியபோது அவர் எதிர்ப்பக்கத்து இரும்புக் காலருகே நின்றிருந்தார். கையில் புதுக் கைப்பேசி. வழக்கம்போல் வீட்டைப் பார்க்கவில்லை. படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"வரைபடத்துல நாமளே படம் போடலாமாமே," என்றார். "கார் எடுத்த படத்தை மாத்த முடியாது. ஆனா கடைக்குன்னு தனியா வாசல் படம் போட்டா, தேடறவங்களுக்கு அதுதான் முதல்ல வருமாம். நெர்மின் போட்டிருக்கறதெல்லாம் ஜிப்பும் பட்டனும். வாசல் தெரிஞ்சாத்தானே ஆள் உள்ள வருவாங்க?"

"ஏன் ஞாயித்துக்கிழமை?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இதைக்கூடவா கேட்பாய் என்றிருந்தது. "இன்னைக்குத்தான் ஒரு கார் கிடையாது. நம்பர் பிளேட் விழாது. ஒரு மனுஷன் முகம் விழாது. யாரையும் கேக்க வேண்டியதில்லை."

படம் உண்மையில் அழகாக இருந்தது. நேர்க்கோடுகள் நேராக இருந்தன. வீட்டு எண் தெரிந்தது. தெருவில் ஓர் ஈ காக்கை இல்லை. அதை அன்றே வரைபடத்தில் ஏற்றினார். அம்மாவிடமும் காட்டினார். அம்மா, "செருப்புக்கடைக்காரன் காலத்துலகூட இவ்வளவு சுத்தமா இல்லை," என்றாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார்.

என் படிப்பின் கடைசி ஆண்டு அது. ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தேன். மங்கலாக்கப்பட்ட வீடுகள் என்ற தலைப்பைப் பேராசிரியர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். என் வீட்டு மாடிப்படியிலேயே ஒரு தலைப்பு கிடைத்துவிட்டதே என்று எனக்குப் பெருமை. இப்போது யோசித்தால், கெர்னோட்டை நான் அறிந்துகொள்ள விரும்பினேனா, அல்லது கட்டுரைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

சில வாரங்களில் நெர்மினின் தொலைபேசி அடிப்பது அநேகமாக நின்றது. முன்பு வழி கேட்டாவது நாலு பேர் அழைப்பார்கள். இப்போது அதுவும் இல்லை. பிறகு பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் கடைக்குள் எட்டிப் பார்த்து, "அட, இருக்கீங்களா? நிரந்தரமா மூடியாச்சுன்னு போட்டிருக்கே," என்றார்.

வரைபடத்தில் கடையின் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் அப்படியேதான் இருந்தது. யாரோ அந்த வாசல் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். இறக்கிவிட்ட ஷட்டர், இருட்டுக் கண்ணாடி, ஆளில்லாத தெரு. கடை போய்விட்டது என்று முடிவு கட்டி, நல்லெண்ணத்தோடு நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கடை மாதிரி ஒன்றிரண்டைத் தவிர எல்லாக் கடையும் அப்படித்தான் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். படத்தில் கிழமை தெரியாதே.

இந்த முறை நெர்மின் கத்தவில்லை. கடையில் நாற்காலியைச் சுட்டிக்காட்டிக் கெர்னோட்டை உட்காரச் சொன்னாள். நான் சிறிதாக்கக் கொடுத்த பாவாடையை வாங்க வந்து மாட்டிக்கொண்டேன்.

"அண்ணே, நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க. தெரியும். ஆனா இந்தப் படத்துல நான் எங்க இருக்கேன்?"

"உங்க முகம் விழக் கூடாதுன்னுதான்..."

"என் முகம் விழணும்! விளக்கு எரியணும். கதவு திறந்திருக்கணும். ஒரு ஆள் கையில பையோட உள்ள வரணும். இது கடை அண்ணே. சாவு வீட்டுக்குக்கூட நாலு பேர் வருவாங்க. நீங்க எடுத்த படத்துல அதுகூட இல்லை."

அவர் காதுகள் சிவந்தன. "திருப்பி எடுக்கறேன்," என்றார்.

சிவப்பு எழுத்தை நீக்கச் சொல்லி நெர்மின் எழுதினாள். அவர் மறுபடி எடுக்கத் தொடங்கினார். அதன் பிறகு அவர் பட்ட பாட்டை ஜன்னலிலிருந்து பார்ப்பதே எங்களுக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்தது.

வெயில் உள்ள ஒரு பிற்பகலில் எடுத்தார். ரயில் சட்டத்தின் நிழல் கடை முழுவதும் பட்டை பட்டையாக விழுந்து, பெயர்ப் பலகையில் பாதி எழுத்துகளை விழுங்கிவிட்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "வரிக்குதிரைக்கு ஜிப் மாத்தித் தருவாங்களா?" என்று கேட்டாள். அடுத்த முறை நேர் எதிரே நின்று எடுத்தார். கண்ணாடியில் எதிர்ப்பக்கத்துக் கபாப் கடை அப்படியே தெரிந்தது, சுழலும் இறைச்சிக் கம்பி உட்பட. இரண்டு நாள் கழித்து ஒருவர் நெர்மினுக்கு அழைத்து, கபாபோடு பூண்டு சாஸ் கிடைக்குமா என்று கேட்டார். பக்கவாட்டில் நின்று எடுத்தால் இரும்புக் கால் கதவை மறைத்தது. காலை விட்டு விலகினால் லாரி வந்து நின்றது.

இதெல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை மனிதர்கள். கதவு திறந்து, விளக்கு எரிந்து, ஆள் உள்ளே வருவது போல் எடுக்க வேண்டும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரைக் கேட்காமல் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால் ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டார்.

"மன்னிக்கணும். நான் அந்தக் கடையைப் படம் எடுக்கறேன். நீங்க அதுல விழுந்தா உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

"எதுக்கு?"

"மேப்புக்கு."

"எந்த மேப்புக்கு?"

அவர் விளக்கி முடிப்பதற்குள் கதவு மூடிவிடும், கேட்டவர் போய்விடுவார், தலைக்கு மேலே ரயில் வந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். ஒருநாள் நாயோடு வந்த ஒரு அம்மா சம்மதித்தார். கெர்னோட் குனிந்து நாயின் கழுத்துப் பட்டையில் இருந்த பெயர்த்தகடு படத்தில் விழுமா என்று பார்த்தார். "நாய்கிட்டயும் கேட்டுடுங்களேன்," என்றார் அந்த அம்மா. ஜன்னலில் நாங்கள் சிரித்தது கீழே தெருவுக்கே கேட்டிருக்கும்.

அந்த நாட்களில்தான் நான் ஒருநாள் அவர் பக்கத்தில் போய் நின்றேன். இவ்வளவு வருடம் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"தினமும் காலையில இங்க நின்னு வீட்டைப் பார்ப்பீங்களே. என்ன பார்ப்பீங்க?"

"வெளியில இருந்து பார்த்தா என்ன தெரியுதுன்னு பார்ப்பேன்." கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "அடுத்தவங்க வீட்டுக்குள்ள போய்ப் போய், இப்படி ஆயிடுச்சு. ஒரு நிலவறையைப் பார்த்தாப் போதும், அந்த வீட்ல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிடும் எனக்கு. அப்போ என் வீட்டைப் பார்த்தா மத்தவங்களுக்கு என்ன தெரியும்? அந்தப் பயம்."

"அதனாலதான் மங்கலாக்கச் சொன்னீங்களா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். கடைக் கதவு மூடியிருந்தது.

"அதான் காரணம்னு சொல்ல ஆசையா இருக்கு," என்றார். "உண்மையைச் சொன்னா, எல்லாரும் எழுதினாங்க, நானும் எழுதினேன். அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை. யாரும் பார்க்கறதுக்கு முன்னாடியே மறைச்சாச்சு. அன்னைக்கு அந்தக் கார் போனப்போ ஜன்னல்ல யார் நின்னாங்க, திரை திறந்திருந்ததா, ஒண்ணும் தெரியாது. இப்போ எனக்கே பார்க்கணும்போல இருக்கு. முடியாது."

என் கட்டுரைக்கு இது பொன் போன்ற வாக்கியம். அன்றிரவே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பிறகு தலைப்பையே மாற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி வந்தது. வீட்டுக்காரர் அந்த மாதக் கடைசியில் முடிவு சொல்ல வருவதாகச் சொல்லியிருந்தார். சிவப்பு எழுத்து போய்விட்டது, ஆனால் வாசலுக்கு உருப்படியான படமில்லை. நிழல் விழாமல் இருக்க வெயில் இருக்கக் கூடாது. கண்ணாடியில் எதிர்க்கடை தெரியாமல் இருக்க வெளியே இருப்பதைவிட உள்ளே வெளிச்சம் அதிகம் இருக்க வேண்டும். இதைக் கெர்னோட் தானாகவே, தப்புத் தப்பாக எடுத்து எடுத்துக் கண்டுபிடித்திருந்தார். மேகம் மூடிய நாளில், இருட்டத் தொடங்கும் நேரத்தில், கடை விளக்குகளெல்லாம் எரியும்போது எடுக்க வேண்டும். கொஞ்சம் சாய்வாக நின்றால் ரொட்டிக்கடைப் பலகையும் ஓரத்தில் விழும். தெருவில் நடந்து வருகிறவனுக்கு ரொட்டிக்கடையைத் தாண்டினால் வந்துவிடும் என்று புரியும். மேகத்துக்கு எங்கள் ஊரில் என்றுமே பஞ்சமில்லை. மனிதர்களுக்கு மட்டும் அவர் வழி கண்டுபிடிக்கவில்லை. அதை நெர்மின் தீர்த்தாள்.

"தெரியாதவங்களை ஏன் கேக்கறீங்க? வீட்ல இத்தனை பேர் இருக்கோமே."

அம்மா முதலில் முடியாது என்றாள். "நான் என்ன சினிமாக்காரியா?" பிறகு உள்ளே போனவள் தலையை வாரி, நீலக் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவள் கையில் கோட்டோடு கடைக்குள் போகிறவள். நான் பையோடு வெளியே வருகிறவள். நெர்மின் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கதவைப் பிடித்து நிற்பாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து கெர்னோட் கையை ஆட்டினார். "மரிட்டா, கேமராவைப் பார்க்காதே!"

"பார்க்கலையே! உன் மூஞ்சியை எவன் பார்ப்பான்?"

"சிரிக்காதே!"

"சாவு வீடுன்னு சொல்லிட்டாங்கல்ல, அதான் சிரிக்கறேன்!"

சில படங்கள் எடுத்தார். ரயில் ஒன்று போனது. மறுபடி எடுத்தார். பிறகு தெருவைக் கடந்து ஓடி வந்தார். நாங்கள் எல்லாரும் அந்தச் சின்னத் திரையைச் சுற்றி நின்றோம். ஒரு படம் நன்றாக வந்திருந்தது. மஞ்சள் வெளிச்சம், திறந்த கதவு, பலகையில் எல்லா எழுத்தும், ஓரத்தில் ரொட்டிக்கடை. அம்மா உண்மையாகவே எங்கோ போய்க்கொண்டிருக்கும் பெண்ணைப்போல் இருந்தாள்.

"ஐயையோ," என்றார் கெர்னோட்.

கண்ணாடியின் இருண்ட ஒரு மூலையில் அவர் விழுந்திருந்தார். தொப்பி, கோட்டு, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்த கைப்பேசி, அதற்குக் கீழே தொப்பை. தெளிவாக, முழு ஆளாக.

"இது வேண்டாம். திருப்பி எடுக்கறேன்."

"இருட்டிடுச்சு அண்ணே."

"நாளைக்கு எடுக்கலாம்."

"நாளைக்கு வெயில் அடிக்கும்னு சொல்றாங்க. மாசக் கடைசியில வீட்டுக்காரர் வேற வரார். எல்லாரும் இதுல இருக்கோம். நீங்களும் இருந்துட்டுப் போங்க."

அவர் அந்தக் கண்ணாடி மூலையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மறுபடி சிறிதாக்கினார். அம்மா கையிலிருந்த கோட்டை மடித்தாள். பல வருடம் முன்பு கதவு கதவாகத் தட்டியவர் இவர்தான் என்று தெரிந்த இரண்டு பேர் அங்கே நின்றிருந்தோம். தெரியாத ஒருத்தி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் படத்தை ஏற்றினார்.

அந்தப் படம்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். வசந்தம் நெருங்கினால் எல்லாரும் கால்சட்டையைத் திருத்தத்தான் செய்வார்கள். ஆனால் கடைக்கு வந்தவர்களில் பலர், "படத்துல பார்த்தோம், ரொட்டிக்கடைக்கு அடுத்தது," என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். வீட்டுக்காரர் வந்த அன்று கடையில் உட்கார இடமில்லை. ஒப்பந்தத்தை நீட்டித்தார். பந்தயக் கடை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டது.

நெர்மின் அதை முழுக்கக் கெர்னோட்டின் கணக்கில் எழுதினாள். அவர் கீழே இறங்கினால் தேநீர் தயாராக இருக்கும். வாடிக்கைக்காரர்களிடம், "இந்த அண்ணன் இல்லைன்னா நான் இல்லை," என்பாள். ரொட்டிக்கடைக்காரர் கேட்டார், பிறகு கபாப் கடை, கடைசியில் அந்தச் சாவிக்கடைக்காரரும் கேட்டார். ஒவ்வொரு கடையாகக் கெர்னோட் எடுத்துக் கொடுத்தார். தெருவில் போனால் ஆட்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் அழைப்பு மணியில் இருந்த சின்ன எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு சாயங்காலம் நான் கடையில் இருந்தபோது அவர் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நெர்மின், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார்.

"சொல்லுங்க அண்ணே."

அவர் கிளாஸையே பார்த்தார். "பலகையில ஒரு விளக்கு மினுக்குது. மாத்திடுங்க."

படியேறும்போது நான் கேட்டேன்: "ஏன் சொல்லலை?"

"முதல் படம் எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். அன்னைக்குச் சொல்லியிருந்தா ஒரு திட்டோட போயிருக்கும். இப்போ சொன்னா, இத்தனை நாள் நான் எதுக்கு அலைஞ்சேன்னு அவங்களுக்குப் புரிஞ்சிடும். நல்ல மனசுன்னு நினைச்சுட்டு இருக்காங்க."

"நல்ல மனசு இல்லையா அது?"

"நீதான் படிச்சவ. நீ சொல்லு," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. தப்பைச் சரிசெய்யத் தொடங்கிய ஒருவர், அந்தத் தெருவில் இருக்கும் மற்ற எல்லாக் கடைகளுக்கும் ஏன் எடுக்க வேண்டும்? அங்கே அவர் யாருக்கும் எதுவும் செய்துவிடவில்லையே.

அடுத்த ஆண்டுக் கோடையில் அந்த நிறுவனத்தின் கார் மறுபடி ஊருக்கு வந்தது. புதுப் படத்தில் எங்கள் வீடு தெளிவாக இருக்கிறது. இந்த முறை யாரும் எழுதிப் போடவில்லை. சாம்பல் கட்டி இருந்த சுவடே இல்லாமல் போனது. கெர்னோட்டுக்கு அது இன்னும் ஒரு சாக்கு ஆனது. "அதான் போயிடுச்சே," என்றார். பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கடலோரத்தில் குக்ஸ்ஹாஃபனில் இருக்கும் தம்பியிடம் போய்விட்டார். கிளம்பும் நாளில் நெர்மின் அவருடைய பழைய குளிர்காலக் கோட்டுக்குப் புது உள்துணி போட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சொல்லவில்லை.

போன கோடையில் நான் கடைக்குப் போயிருந்தேன். நெர்மின் இப்போது உதவிக்கு ஒரு பெண்ணை வைத்திருக்கிறாள். பேச்சு எப்படியோ பழைய நாட்களுக்குப் போனது.

"அந்த மங்கலைப் பண்ணின ஆள் மட்டும் என் கையில கிடைச்சா..." என்று தொடங்கினாள். அவள் நூலைக் கடித்து அறுத்தாள். "இப்போ திட்ட மாட்டேன் கண்ணு. அந்தக் கோபமெல்லாம் போயிடுச்சு. ஏன் பண்ணினீங்கன்னு மட்டும் கேக்கணும். அவ்வளவுதான். என்னதான் மறைச்சாங்கன்னு தெரிஞ்சுக்கணும்."

அன்றே கெர்னோட்டுக்கு அழைத்து இதைச் சொன்னேன். தொலைபேசியில் காற்றுச் சத்தம் கேட்டது. கடற்கரையில் நின்றிருந்தார் போல.

"திட்ட மாட்டாங்களாமா?"

"மாட்டாங்களாம். காரணம் மட்டும் போதுமாம்."

"காரணம்தானே கஷ்டம்," என்றார். பிறகு, "போன்ல சொல்ற விஷயம் இல்லை இது. செப்டம்பர்ல பழைய சாமான் சந்தைக்கு வருவேன்ல, அப்போ நேர்ல சொல்லிடறேன். நீ முந்திக்காதே," என்றார்.

செப்டம்பரில் கைசர் தெரு முழுக்க, ரயிலுக்குக் கீழே, மேசைகள் போட்டுச் சந்தை நடந்தது. அவர் வரவில்லை. முதுகுவலி என்றார். இப்போது கிறிஸ்துமஸ் விளக்குகள் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு முறை நான் அந்தக் கதவைத் திறக்கும்போதும் நெர்மின் அளவு நாடாவைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு முதலில் கேட்பது ஒன்றுதான்:

"அண்ணன் எப்ப வராராம்?"

"வரேன்னாரு," என்கிறேன். அவளுக்குச் சேர வேண்டிய பதில் எனக்குத் தெரியும். ஆனால் அதைத் தர வேண்டியவர் நானல்ல.